வியட்நாமோடு சமாதானமான அமெரிக்கா, கியூபாவை மட்டும் ஏன் இன்னும் ஒதுக்கி வைத்திருக்கிறது?

இரண்டுமே கம்யூனிஸ்ட் நாடுகள்தானே, அதிலும் கியூபா பக்கத்து நாடு, ஏழை நாடு, பிறகு ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே ஞாபகம் வந்தது அரிசி மூட்டைதான்.

2012-இல் ஒரு சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசராக இருந்தேன். ஹோ சி மின் நகரில் அரிசி ஏற்றிக்கொண்டு ஹவானாவுக்குப் போனோம். ஒரு மாதத்துக்கும் மேலான பயணம். கப்பலின் பாதையை வரைபடத்தில் போடுவது செகண்ட் ஆபீசரின் வேலை. மெக்சிகோ வளைகுடா வரைபடத்தை விரித்தபோது மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரம் கண்ணில் பட்டது. டிவைடரை வைத்து அளந்து பார்த்தேன். அங்கிருந்து ஹவானாவுக்கு இரண்டு நாள் ஓட்டம்தான். அந்த ஆற்றை ஒட்டிய லூசியானாவும் ஆர்கன்சாஸும் நெல் விளைகிற மாநிலங்கள். 1959 புரட்சிக்கு முன்னால் அமெரிக்க அரிசியைப் பெருமளவு வாங்கிய நாடு கியூபா. அதே கியூபாவுக்கு நாங்கள் உலகத்தின் அடுத்த பக்கத்திலிருந்து அரிசி கொண்டுபோய்க்கொண்டிருந்தோம்.

அமெரிக்கா உணவு விற்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. 2000-இல் வந்த சட்டம் அதை அனுமதிக்கிறது. கியூபாவுக்கு அமெரிக்கக் கோழி இறைச்சி போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும், கடன் கிடையாது. கையில் டாலர் இல்லாத நாடு என்ன செய்யும்? தவணை கொடுக்கும் வியட்நாமிடம் போகிறது.

அப்புறம் கப்பல் விஷயம். 1992-இல் போட்ட ஒரு சட்டப்படி, வியாபாரத்துக்காகக் கியூபத் துறைமுகத்துக்குப் போன கப்பல் அடுத்த 180 நாளுக்கு அமெரிக்காவில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ முடியாது. சில விதிவிலக்குகள் உண்டு, எங்களுக்கு அது எதுவும் பொருந்தவில்லை. இதனால்தான் கியூபா என்றாலே பல முதலாளிகள் கப்பல் தருவதில்லை. தருகிறவர்கள் வாடகையைக் கூட்டிக் கேட்பார்கள். அந்தக் காசு கடைசியில் அரிசியின் தலையில்தான் விழுகிறது.

ஹவானாவில் மூட்டை இறக்கி முடிந்த பிறகு, கிழிந்த மூட்டைகளிலிருந்து சிந்திய அரிசியைத் துறைமுகத் தொழிலாளர்கள் கப்பலின் அடித்தளத்தில் துடைப்பத்தால் கூட்டி, தனிச் சாக்குகளில் கட்டினார்கள். அதையும் எண்ணிக் கணக்கில் ஏற்றினார்கள். பல துறைமுகங்களில் பார்த்த வேலைதான். ஆனால் மூலையில் இடுக்கில் கிடந்ததைக்கூட மண்டியிட்டு விரலால் வழித்து எடுத்ததை அங்கேதான் பார்த்தேன். படிக்கட்டுக் காவலுக்கு இருந்த பெரியவர் தன் வீட்டு ரேஷன் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். 'லிப்ரெட்டா' என்பார்கள். 1962-இலிருந்து இருக்கிறது. அரிசி, பீன்ஸ், சர்க்கரை, எண்ணெய், முட்டை என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஆளுக்கு மாதம் ஏழு பவுண்டு அரிசி என்று விரல் விட்டுக் காட்டினார். மூன்று கிலோவைக் கொஞ்சம் தாண்டும். மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்த எனக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்தது.

சரி, ஏன் இப்படி? கொள்கைச் சண்டை மட்டும் என்றால் சீனாவோடும் வியட்நாமோடும் வியாபாரம் நடக்காது. வியட்நாம் போரில் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் செத்தார்கள். அப்படியும் 1994-இல் வியட்நாம் மீதான வியாபாரத் தடையை நீக்கி, 1995-இல் தூதரக உறவு வைத்துக்கொண்டார்கள்.

கியூபா விஷயத்தில் இருப்பது சொத்துத் தகராறு. அமெரிக்கா 1901-இலேயே பிளாட் திருத்தம் கொண்டுவந்து, கியூபாவில் தலையிடும் உரிமையைத் தனக்கு எழுதி வாங்கிக்கொண்டது. 1903-இல் கியூபாவின் குவாண்டனாமோ விரிகுடாவைக் கடற்படைத் தளத்துக்காகக் குத்தகைக்கு எடுத்தது. வருட வாடகை 4,085 டாலர் காசோலையாகப் போகும். 1959-இல் ஒரே ஒரு காசோலையை மாற்றியதோடு சரி, அதற்குப் பிறகு கியூபா எதையும் மாற்றுவதில்லை. 1960-இல் ரஷ்யக் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க மேலைநாட்டு எண்ணெய்க் கம்பெனிகள் மறுக்க, புரட்சியில் ஆட்சியைப் பிடித்த காஸ்ட்ரோ அந்த ஆலைகளை எடுத்துக்கொண்டார். அமெரிக்க அதிபர் ஐசனோவர் கியூபச் சர்க்கரை வாங்குவதை வெட்டினார். அதற்குப் பதிலடியாக மற்ற அமெரிக்கச் சொத்துகளும் பறிபோயின. இழந்தவர்களின் 5,913 கோரிக்கைகளை அமெரிக்க ஆணையம் ஏற்றது. மொத்தம் சுமார் 190 கோடி டாலர், வட்டி தனி. வியட்நாம் இதேபோன்ற பாக்கியை 1995-இல் சுமார் 20 கோடி டாலரில் தீர்த்துவிட்டது. கியூபா இன்றுவரை தீர்க்கவில்லை.

அந்தச் சொத்தையும் ஊரையும் விட்டுப் போனவர்களில் ஏராளமானோர் புளோரிடாவில் குடியேறினார்கள். 2000 அதிபர் தேர்தல் அந்த மாநிலத்தில் 537 வாக்கு வித்தியாசத்தில் முடிந்தது. எந்தக் கட்சி அவர்களைப் பகைத்துக்கொள்ளும்?

என் மனதை மிகவும் வருத்துவது 1960 ஏப்ரலில் அமெரிக்க வெளியுறவுத் துறைக்குள் எழுதப்பட்ட ஒரு குறிப்பு. எழுதியவர் லெஸ்டர் மல்லோரி. கியூப மக்களில் பெரும்பாலானோர் காஸ்ட்ரோவை ஆதரிக்கிறார்கள், அதனால் பணமும் பொருளும் போகாமல் தடுத்துப் பசியையும் விரக்தியையும் உண்டாக்கி அரசைக் கவிழ்க்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். பசி வந்தது, அரசு கவிழவில்லை.

இதனால் ஹவானா அரசு செய்தது எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. நல்ல நிலம் புதர் மண்டிக் கிடக்கிறது. விவசாயிக்குக் கட்டுப்படியாகாத விலையை அரசு வைக்கிறது. 1989 வாக்கில் 80 லட்சம் டன் சர்க்கரை எடுத்த நாடு, இப்போது வெளியே வாங்கும் நிலைக்கு வந்துவிட்டது. இதை முழுக்க அமெரிக்கத் தடையின் மேல் போட முடியாது. 2021 ஜூலையில் தெருவில் இறங்கிய தன் மக்களையே அந்த அரசு சிறையில் போட்டதும் எனக்கு ஏற்புடையது அல்ல.

வியட்நாம் போல ஆகுமா என்றால், இப்போதைக்கு ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை. 1996-இல் வந்த ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டம் கியூபா மீதான வியாபாரத் தடையைச் சட்டமாகவே உறுதியாக்கிவிட்டது. அதிபர் தனியாக நீக்க முடியாது, காங்கிரஸ் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒபாமா 2015-இல் தூதரகத்தைத் திறந்தார், 2016-இல் ஹவானாவுக்கே போனார், அவராலும் முடியவில்லை. பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாடுகளின் பட்டியலிலிருந்து கியூபாவை எடுப்பதாக 2025 ஜனவரி 14-இல் பைடன் அறிவித்தார். 20-ஆம் தேதி பதவியேற்ற டிரம்ப் அன்றைக்கே அதை ரத்து செய்தார்.

எங்கள் கப்பல் ஹவானாவிலிருந்து காலியாகக் கிளம்பியது. மெக்சிகோ வளைகுடாவின் அமெரிக்கத் துறைமுகத்தில் சோளம் ஏற்ற ஆள் இருந்தும், 180 நாள் கணக்கு தொடங்கிவிட்டதால் பிரேசிலுக்குத் திருப்பினோம்.