கழுவ முடியாத மூடி எதற்கு?

பாட்டில் மூடி வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. "அதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை; அவர்கள் கையில் இருக்கும் பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகி, உள்பக்கத்தைக் காட்டுவேன். பேச்சு அதோடு நின்றுவிடும். வாய்வைத்துக் குடிக்கும் மூடிகளைப் பற்றிச் சேர்ந்துபோன கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். தண்ணீர் வரும் முனையை எங்கள் பட்டறையில் 'மூக்கு' என்போம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

கே: இறுதியாண்டுத் திட்டப்பணியாக, சுகாதாரமான குடிநீர் பாட்டில் மூடி ஒன்றை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வடிவமைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

ப: விரலிலிருந்து. மூடி வரைய உட்காருகிற எல்லாரும் உதட்டைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். உதட்டுக்கு முன்னால் அங்கே போவது விரல். இழுத்துத் திறக்கிற மூடியை ஒருவர் திறப்பதைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மூக்கின் நுனியைக் கிள்ளிப் பிடித்து மேலே இழுக்கும். அடுத்த நொடி அதே நுனி வாய்க்குள். அந்த விரல் சற்று முன்புவரை கதவுக் கைப்பிடியிலோ செல்போனிலோ இருந்திருக்கும். அதனால் முதல் தாளில் மூடியை வரையாதீர்கள். விரல் படும் இடத்தைச் சிவப்பிலும் உதடு படும் இடத்தை நீலத்திலும் தீட்டுங்கள். இரண்டு நிறமும் ஓரிடத்தில் கலந்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். பக்கவாட்டில் பொத்தான் வைக்கலாம், மூக்கை மறைக்கும் மேல்மூடியில் கட்டைவிரல் நெம்ப ஒரு நாக்கு வைக்கலாம். எதுவானாலும் விரல் மூக்கை நெருங்கவே காரணம் இருக்கக்கூடாது.

அடுத்தது மேல்மூடி. தனியாகக் கழன்று வரும் மேல்மூடியைப் பெரும்பாலானோர் கவிழ்த்துத்தான் மேசையில் வைப்பார்கள். உள்பக்கம் மேசை அழுக்கை ஒற்றி எடுத்துக்கொண்டு திரும்பிவந்து மூக்கின் மேலேயே உட்காரும். கீல் வைத்து மூடியோடு இணைத்துவிடுவதே மேல். ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒருமுறை பயன்படுத்தும் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் பான பாட்டில்களில் மூடி பாட்டிலை விட்டுப் பிரியாமல் இருக்க வேண்டும் என்ற விதி 2024 ஜூலை 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. குப்பையைக் குறைக்க வந்த விதி அது. மூடி தரையில் விழாது என்பது நமக்குக் கொசுறு. ஆனால் திறந்த மூடி பாதியில் தொங்கினால் குடிக்கிறவர் கன்னத்தில் இடிக்கும், அவரும் எரிச்சலில் அதைப் பிய்த்துவிடுவார். கீலைப் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் மெல்லியதாக வார்த்தால் மடக்கி மடக்கித் திறந்தாலும் எளிதில் ஒடியாது. நன்றாகப் பின்னால் சாய்ந்ததும் 'டக்' என்று நிற்க ஒரு சின்னப் பூட்டும் வையுங்கள்.

மிச்சம் இருப்பது ஈரம், எச்சில், இடுக்கு. மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் பாக்டீரியாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை. சில மணி நேரத்தில் பரப்பில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அலசினால் போகாது, தேய்த்தால்தான் போகும். குடிக்கிற மூடியில் ஈரத்தையும் எச்சிலையும் ஒழிக்க முடியாது. வடிவமைப்பவர் கையில் இருப்பது இடுக்கு ஒன்றுதான். உணவு இயந்திரங்களைச் சுகாதாரமாக வடிவமைப்பதற்கு ஐரோப்பாவில் வகுத்திருக்கும் வழிகாட்டுதல்கள், உள்மூலைகளின் வளைவு ஆரம் 3 மி.மீ.க்குக் குறையக்கூடாது, பரப்பின் சொரசொரப்பு 0.8 மைக்ரோமீட்டரைத் தாண்டக்கூடாது என்கின்றன. சின்ன மூடியில் எல்லா மூலைக்கும் 3 மி.மீ. கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். நான் வைத்திருக்கும் அளவுகோல் இன்னும் எளியது: பல் துலக்கும் பிரஷின் மயிர் நுழையாத பள்ளம் இருந்தால் அதை நிரப்பிவிடு.

பாகங்களை மூன்றுக்குள் நிறுத்தப் பாருங்கள். ஐந்தாறு துண்டுகளாகக் கழலும் மூடியை ஆசையாக ஒருமுறை கழற்றுவார்கள், அப்புறம் தொடமாட்டார்கள். வாஷரை நகத்தால் கிண்டாமல் இழுத்தெடுக்க ஓரத்தில் ஒரு காது விடுங்கள். அந்தக் காது இல்லாத வாஷர், வாங்கிய நாள் முதல் தூக்கிப்போடும் நாள்வரை உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

கே: தினமும் சைக்கிள் ஓட்டுகிறேன். இழுத்துத் திறக்கும் மூடியின் மூக்குக்கு அடியில் கருப்பாக ஒரு கோடு. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அது என்ன?

ப: பூஞ்சையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தேய்த்தது வெளியே, அது வளர்ந்திருப்பது உள்ளே.

என்னிடம் இருந்த அப்படியொரு மூடியை ஹாக்சா பிளேடால் நெடுக்குவாட்டில் அறுத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு தண்டு, அதன் மேல் ஏறி இறங்கும் ஒரு உறை, அவ்வளவுதான் அமைப்பு. வெளியிலிருந்து பார்க்க வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளே, உறை வந்து முட்டும் இடத்தில், மை கொட்டிய மாதிரி ஒரு வளையம். தொட்டால் வழுக்கியது. காரணம் எளிது. குடித்து முடித்து உறையைக் கீழே அழுத்தும்போது உதடு பட்ட ஈரமும் கூடவே உள்ளே போகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டில் பாதி. அது காய வழியே இல்லை. சர்க்கரை கலந்த பானம் ஊற்றும் பழக்கம் உண்டென்றால் சாப்பாடும் போட்டு வளர்க்கிறீர்கள்.

உறையை முழுதாக உருவி எடுக்க முடிகிற வகை என்றால் உருவி, சுடுநீரும் சோப்பும் போட்டுத் தேயுங்கள். அலசிய பிறகு, வீட்டில் பயன்படுத்தும் வாசனை சேர்க்காத குளோரின் பிளீச்சை 1 லிட்டர் தண்ணீருக்கு 1 தேக்கரண்டி கணக்கில் கலந்து, பாகங்கள் முழுவதும் அரை நிமிடமாவது நனையவிட்டுக் காற்றில் உலர்த்துங்கள். அதோடு வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். சிலிக்கோன் பாகத்தில் ஏறிய கருப்புப் புள்ளி போகாமல் நின்றுவிட்டால் அந்தப் பாகத்தை மாற்றுவதுதான் வழி. உருவ முடியாத மூடியென்றால் வேறு வாங்குங்கள். கழற்ற முடியாத மூடியைச் சுத்தமான மூடி என்று விற்பதே எனக்கு ஒப்பாத காரியம்.

கே: ஒருவழி வால்வு வைத்தால் எச்சில் பாட்டிலுக்குள் திரும்பிப் போகாது அல்லவா?

ப: போகாது, வால்வு ஒழுங்காக மூடும்வரை. முதலில் எச்சில் ஏன் திரும்புகிறது என்று பார்ப்போம். உறிஞ்சும்போது பாட்டிலுக்குள் காற்றழுத்தம் குறைகிறது. உதட்டை எடுத்த கணத்தில் வெளிக்காற்று 'களக்' என்று உள்ளே பாயும். மூக்கில் தங்கியிருந்த எச்சில் கலந்த தண்ணீரையும் இழுத்துக்கொண்டுதான் பாயும். பாட்டிலை அமுக்கிக் குடிக்க உதவும், நடுவில் கூட்டல் குறி போலக் கீறிய சிலிக்கோன் வால்வில் இன்னும் மோசம். பிடியைத் தளர்த்தியதும் தண்ணீர் வந்த அதே பிளவு வழியாகத்தான் பாட்டில் மூச்சை இழுக்கும்.

இதற்கு மருந்து காற்றுக்குத் தனிவழி. மூக்கிலிருந்து தள்ளி ஒரு சிறு துளை, அதில் உள்பக்கமாக மட்டும் திறக்கும் குடை வடிவ வால்வு. அழுத்தம் அப்போதைக்கப்போது சமமாகிவிட்டால் கடைசியில் பின்னிழுப்பு இருக்காது. மூக்கில் வாத்து அலகு வடிவ வால்வு ஒன்றும் சேர்த்தால் இன்னும் நல்லது. ஆனால் ஒவ்வொரு வால்வும் ஒரு இடுக்கு. கழுவத் தயாராக இருப்பவருக்கு வால்வு கொடுங்கள். மற்றவர்களுக்கு வாய் அகன்ற, நேரான, குட்டையான மூக்கே போதும். தண்ணீர் வெளியே வரும்போதே காற்றும் மேல்பக்கமாக உள்ளே போய்விடும்.

கே: புற ஊதா விளக்கு பொருத்திய மூடி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்கிறார்களே?

ப: தண்ணீரில் இருக்கும் கிருமிகளுக்கு அது வேலை செய்யும். 265 முதல் 280 நானோமீட்டர் அலைநீளத்தில் எரியும் எல்.இ.டி. விளக்கு கிருமியின் மரபுப்பொருளைச் சிதைத்துப் பெருகவிடாமல் செய்கிறது. ஆனால் ஒளி நேர்கோட்டில்தான் போகும். மரைக்குள்ளும், அதாவது மூடியின் திருகு வரிகளுக்குள்ளும், வாஷருக்கு அடியிலும் நிழல். பாட்டிலின் வெளிப்பக்கம், அதாவது உங்கள் உதடு படும் விளிம்பு, அந்த விளக்கின் கண்ணில் படுவதே இல்லை. வாங்குவதானால் வாங்குங்கள், பிரஷைத் தூக்கிப் போடாதீர்கள். வெள்ளி கலந்த பிளாஸ்டிக்குக்கும் இதே பதில்: எச்சிலின் புரதம் ஒரு படலமாக மேலே படிந்துவிட்டால் வெள்ளிக்கும் கிருமிக்கும் நடுவில் திரை விழுந்துவிடுகிறது.

கே: என் மாதிரி மூடியை முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்திருக்கிறேன். அதிலேயே குடித்துச் சோதிக்கலாமா?

ப: தண்ணீர் கசிகிறதா, கை எட்டுகிறதா என்று பாருங்கள். அன்றாடம் குடிக்க வேண்டாம். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்குமேல் அடுக்காக வைக்கும் முறை அது. விரல் நகத்தால் வருடினால் வரிவரியாகத் தட்டுப்படும். ஒவ்வொரு வரியும் ஒரு வாய்க்கால்.

மாதிரியை வைத்து வேறொரு சோதனை செய்யுங்கள், எனக்கு மிகவும் பிடித்தது. உணவு, மருந்து இயந்திரங்களின் சுத்தத்தைப் பார்க்க ரிபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2, கரைசலைத் தெளிப்பார்கள். லிட்டருக்கு 0.2 கிராம் போதும். மூடி முழுவதும் தெளித்து, வீட்டில் எப்படிக் கழுவுவார்களோ அப்படியே கழுவி, விளக்கை அணைத்துவிட்டு 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். கண்ணில் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுவல் எட்டாத இடமெல்லாம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். நான் முதன்முதலில் பெருமையோடு செய்த மூடி அப்படி ஒளிர்ந்ததை இன்னும் மறக்கவில்லை: மரை முழுக்க, வாஷர் பள்ளம் முழுக்க, கீலின் இரண்டு ஓரமும். இருட்டறையில் சீரியல் லைட் போட்ட மாதிரி இருந்தது. இரண்டு வாரம் கழித்து அதே மூடியை மறுபடி வரைந்தபோது வாஷர் பள்ளமே இல்லாமல் வரைந்தேன்.

கே: 28 மி.மீ. கழுத்துக்கென்று செய்த மூடி சில பாட்டில்களில் ஆடுகிறது, சிலவற்றில் ஒழுகுகிறது. ஏன்?

ப: 28 மி.மீ. என்பதில் இரண்டு பழக்கமான வகை உண்டு; 1810, 1881 என்பவை அவற்றின் பெயர், ஆண்டு அல்ல. பழைய 1810 வகைக் கழுத்து 21 மி.மீ. உயரம், அதற்குப் பின் வந்த 1881 வகை 17 மி.மீ. பிளாஸ்டிக்கை மிச்சப்படுத்தக் கழுத்தைக் குட்டையாக்கினார்கள், மரையின் இடைவெளியும் மாறிவிட்டது. இரண்டுக்கும் பொதுவாக ஒரே மூடி செய்யப்போனால் ஒன்றில் ஒழுங்காக உட்காராது. எந்த வகைக்கு என்று மூடியின் மேலேயே பொறித்துவிடுங்கள்.

கே: விளையாட்டுக் குழுவுக்குப் பயிற்சி தருகிறேன். ஒரே பாட்டிலைப் பல பேர் பயன்படுத்த ஏற்ற மூடி உண்டா?

ப: வாய்வைத்துக் குடிக்கிற எந்த மூடியும் பல பேருக்கு ஏற்றதல்ல. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் பொதுக் குவளையைத் தடை செய்தது 1909ல்; ஒருவர் வாயிலிருந்து இன்னொருவருக்கு நோய் பரவும் என்று அன்று குவளைக்குச் சொன்ன நியாயம் இன்று மூடிக்கும் பொருந்தும். ஆளுக்கொரு பாட்டில், அதில் அழியாத மையில் பெயர். அதுதான் உத்தமம்.

முடியவே முடியாதென்றால், வாய் படாமல் ஊற்றிக்கொள்ள ஏற்ற மூடியாகப் பாருங்கள். அதில் கவனிக்க வேண்டியது மூக்கின் விளிம்பு. விளிம்பு மொழுக்கென்று உருண்டிருந்தால் தண்ணீர் கீழே விழாமல் விளிம்பைக் கட்டிக்கொண்டு பாட்டில் கழுத்தில் வழியும். தேநீர்க் கெட்டில் ஒழுகுவதும் இதனால்தான். விளிம்பு கூர்மையாக வெட்டியது போல் இருந்தால் தாரை சுத்தமாக அறுந்து விழும். உள்ளே மூலை உருண்டிருக்க வேண்டும், வெளியே விளிம்பு கூராக இருக்க வேண்டும். இந்த முரண்பாட்டோடு மல்லுக்கட்டுவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

கே: குழந்தைக்கான பாட்டிலில் சின்னதாகக் கழலும் மூக்கு வைக்கலாமா?

ப: கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொருள்களைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியதாகவே கணக்கு. பெரியவர் கையால் மட்டும் கழற்ற முடிகிற, உருளைக்குள் போகாத பெரிய பாகமாகச் செய்யுங்கள்.

கே: காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் கண்காட்சியில் வைக்கலாமா?

ப: வேண்டாம். பொது இடத்தில் காட்டிவிட்டால் பல நாடுகளில் புதுமை போய்விட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். முதலில் விண்ணப்பம், பிறகு கண்காட்சி. முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் முன்னுரிமை கோரலாம், அதாவது முதல் விண்ணப்பத்தின் தேதியையே அங்கும் கணக்கில் எடுக்கச் சொல்லலாம்.

கே: மூடியையும் பாட்டிலையும் சேர்த்துக் கொதிநீரில் போட்டேன். படம் இணைத்திருக்கிறேன்.

ப: பார்த்தேன். மூடி பிழைத்துவிட்டது, ஏனென்றால் அது பாலிபுரோப்பிலீன். 160 பாகை செல்சியஸ் வாக்கில்தான் உருகும். சிலிக்கோன் வாஷருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. பாட்டில் பெட் (PET) எனப்படும் பிளாஸ்டிக். அது 75 பாகையை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். படத்தில் கத்தரிக்காய் வற்றல் போலக் கிடக்கிறதே, அதை இனி நிமிர்த்த முடியாது. மூடியை மட்டும் எடுத்து உலர வையுங்கள்.