தீவு நாட்டில் கால்பந்து வளர முதலில் படகுச் செலவுக்கு வழி வேண்டும்

கேள்வி: மக்கள்தொகை குறைந்த ஒரு தீவு நாட்டில் கால்பந்தை முறைப்படி வளர்க்க முடியுமா? எதில் தொடங்க வேண்டும்?

முடியும். மாலத்தீவில் மூன்று வருடம் கணக்கு ஆசிரியராக இருந்தேன். தெற்கே ஹுவாது பவளத்தீவுக் கூட்டத்தில் ஒரு சின்னத் தீவு. அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

1997-இல் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஈரானிடம் 17-0 என்று தோற்ற நாடு அது. ஏழே வருடத்தில், 2004 மார்ச்சில், தென் கொரியாவைத் தலைநகர் மாலேயில் ஒரு கோல்கூடப் போடவிடாமல் 0-0 என்று நிறுத்தியது. அந்தக் கொரியா 2002 உலகக் கோப்பையில் நான்காம் இடம் பிடித்த அணி! 2008-இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசியக் கோப்பையை எடுத்தார்கள். 2018-இல் டாக்காவில் மறுபடியும் இந்தியாவையே வென்றார்கள். அந்தத் தொடரில் இலங்கையோடு எல்லாக் கணக்கும் சமமாக நின்றதால், நாணயம் சுண்டித்தான் அரையிறுதிக்கே போனார்கள்.

ஆகவே ஆள் குறைவு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாயங்காலத் தொழுகை முடிந்தால் பாதித் தீவு மைதானத்தில்தான் இருக்கும்.

எதிரணி கிடைக்காததுதான் குறை. எங்கள் பள்ளியில் பதினான்கு வயதுக்குட்பட்ட பையன்கள் பதினேழு பேர். யார் எந்தக் காலால் திரும்புவான், யார் எப்போது களைப்பான் என்று ஒருவனுக்கொருவன் மனப்பாடம். தினமும் அதே ஆட்டம். புதிதாக ஒன்றைச் சந்திக்காமல் ஒரு தடுப்பாட்டக்காரன் எப்படித் தேறுவான்? பக்கத்துத் தீவுக்குத் தோணியில் (அவர்கள் மொழியிலும் ஏறக்குறைய அதே சொல்தான்) ஒன்றரை மணி நேரம். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கெட்டுவிட்டால் அதுவும் இல்லை. டீசல் செலவைப் பெற்றோர் பங்கு போட்டுக் கொடுத்தார்கள்.

நியூ ரேடியன்ட், விக்டரி, வாலென்சியா, மாசியா என்று பெரிய கிளப்புகள் எல்லாம் மாலேயில். நன்றாக ஆடும் பையனுக்கு மாலேயில் தங்க ஒரு சொந்தக்காரர் வீடு கிடைத்தால் உண்டு. கிடைக்காமல் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். இன்றும் அது மனதை உறுத்துகிறது.

அதனால் என் பதில் இதுதான்: ஸ்டேடியம், வெளிநாட்டுப் பயிற்சியாளர் எல்லாம் அப்புறம். முதலில் பிள்ளைகளுக்கு நிரந்தரமான போட்டி அட்டவணை, அதற்குப் படகுச் செலவு. கடல் அமைதியாக இருக்கும் வடகிழக்குப் பருவ மாதங்களில் அந்தந்தத் தீவுக் கூட்டத்துக்குள்ளேயே லீக் நடத்தலாம். நாங்கள் நான்கு பள்ளிகள் சேர்ந்து நடத்தினோம். வெள்ளிக்கிழமை போய், அந்தத் தீவு வீடுகளில் பிள்ளைகள் தங்கி, சனிக்கிழமை திரும்புவார்கள். இரண்டு தீவுகள் மோதும்போது மூன்றாவது தீவு ஆசிரியர் ஒருவர் நடுவர். சொந்த ஊர் நடுவராக இருந்தால் சண்டை நிச்சயம் என்பதை முதல் வாரமே கற்றுக்கொண்டோம்.

ஒவ்வொரு அணிக்கும் ஆறு ஆட்டம். முதல் ஆட்டத்தில் எங்கள் பையன்கள் 5-0 என்று தோற்றார்கள். கடைசி ஆட்டத்தில் அதே அணியோடு 1-1. திரும்பும் தோணியில் ஒருவரும் தூங்கவில்லை. அந்தச் சமன் கோல் எப்படி விழுந்தது என்று எங்கள் தீவு கண்ணுக்குத் தெரியும்வரை பேசிக்கொண்டே வந்தார்கள்.