சமீபத்தில் பார்த்த படங்களில் உங்களுக்குப் பிடித்தது எது? பின்னணி இசையே இல்லாத படங்களை எல்லாம் எப்படிப் பொறுமையாகப் பார்க்கிறார்கள்?

கேள்வியின் இரண்டாவது பாதிக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் 'கொட்டுக்காளி' பார்க்க உட்கார்ந்து, அரை மணி நேரத்தில் எழுந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் தப்பில்லை. என் தம்பியும் அப்படித்தான் எழுந்து போனான். ஆனால் எனக்குச் சமீபத்தில் பிடித்த படம் அதுதான். காரணம், என் அப்பா.

அப்பாவுக்கு 73 வயது. ஆறு வருடமாகக் காதுக் கருவி போட்டிருக்கிறார். கருவி போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள், கண்ணாடி போட்ட மாதிரி. அப்படி இல்லை. கருவி சத்தத்தைப் பெரிதாக்கும். வசனத்தை மட்டுமல்ல, மியூசிக், மின்விசிறி, பக்கத்து அறைப் பேச்சு என்று எல்லாவற்றையும். இப்போது வருகிற கருவிகள் இரைச்சலைக் கொஞ்சம் அடக்கும்தான். ஆனாலும் பேச்சுக்கு மேலேயே வயலினும் டிரம்ஸும் ஏறி வந்தால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. தலையைச் சாய்த்துக் காது சோபாவில் பட்டால் கருவி கீச்சென்று விசிலடிக்கும். அதனால் படம் முழுக்க நிமிர்ந்தேதான் உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்றையும் நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். படம் ஓடும்போது அவர் திரையைப் பார்ப்பதைவிட எங்கள் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பார். நாங்கள் சிரித்தால், ஒரு நொடி கழித்து அவரும் சிரிப்பார்.

அன்றைக்கு ஓடிடியில் 'கொட்டுக்காளி' போட்டேன். பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய படம், 2024 ஆகஸ்டில் வந்தது. அதற்கு முன்பே பெர்லின் திரைப்பட விழாவில் திரையிட்டிருந்தார்கள். கதை சிறியது. மீனா வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். கட்டிக்கொள்ளப்போகிற பாண்டியாக சூரி, மீனாவாக அன்னா பென். பின்னணி இசை துளியும் கிடையாது. ஆட்டோ சத்தம், காற்று, ஆட்களின் பேச்சு, அவ்வளவுதான்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அப்பா கேட்டார், "என்னம்மா, அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கா?"

சூரிக்குப் படம் முழுக்கக் கரகரத்த குரல்தான். கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பார். அந்தக் கரகரப்பு அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது! நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நான் படத்தைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்ததுதான் அதிகம்.

வழியில் ஒரு காளை குறுக்கே நின்றுவிடும். வண்டியில் வந்த ஆண்கள் அத்தனை பேரும் கிட்டப் போகப் பயந்து நிற்பார்கள். ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக அதைக் கூட்டிக்கொண்டு போவாள். அப்பா அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். நாங்கள் சிரிப்பதற்கு முன்பே சிரித்தார்.

படம் முடிவைச் சொல்லாமல் நின்றுவிடும். பாண்டி என்ன செய்யப்போகிறான் என்பது நம்மிடமே விடப்படுகிறது. அப்பா, "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் அழவே இல்லை, பாத்தியா? அவன் திரும்பிப் போயிருப்பான்" என்றார். ஒரு படத்தைப் பற்றி அவராகப் பேச்செடுத்து எத்தனையோ வருடம் ஆகிறது.

இசைக்கு எதிராகப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 'மெய்யழகன்' படத்தில் கோவிந்த் வசந்தாவின் இசைக்காகவே சில காட்சிகளை இரண்டு முறை பார்த்தவள் நான். அந்தப் படம் நீளம் என்று வெளியான பிறகு 18 நிமிடத்துக்கு மேல் வெட்டியதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. 'வாழை' படம் முடிந்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டுதான் வந்தேன். 'கொட்டுக்காளி'யும் குறையே இல்லாத படம் என்று சொல்லவில்லை. நடுவில் சில இடங்களில் பயணம் நீளுகிறது. ஆனால் இசை இல்லை என்பதாலேயே அதில் ஏதோ குறைகிறது என்று சொல்வதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' படம் 1954-லேயே வந்துவிட்டதே.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஓடிடியில் பார்க்கிற பெரும்பாலான தமிழ்ப் படங்களில் கீழே ஆங்கிலத்தில் வசனம் வருகிறது, தமிழில் வருவதில்லை. அப்பாவுக்குத் தமிழ் வேகமாகப் படிக்க வரும். ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். தமிழ்ப் படத்துக்குத் தமிழ் வசனத்தைக் கீழே போடுவதில் என்ன கஷ்டம்? வசனம் ஏற்கெனவே எழுதி வைத்ததுதானே. 2024 மார்ச்சில் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், செவித்திறன், பார்வைத்திறன் குறைந்தவர்கள் தியேட்டரில் படம் பார்க்க வசதி செய்ய வேண்டும் என்று வழிகாட்டு நெறிமுறைகளே வெளியிட்டது. நாங்கள் போகிற தியேட்டரில் கேட்டால், அப்படி ஒன்று இருப்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை. அப்பா, "விடும்மா, படம்தானே" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். எனக்கு விட மனசில்லை.

இப்போது எந்தப் படம் போட்டாலும் அப்பா முதலில் கேட்கிறார், "இதுல மியூசிக் ரொம்ப இருக்குமா?" அதே இயக்குநரின் 'கூழாங்கல்' பார்த்துவிட்டோம். இதுபோலப் பேச்சு தெளிவாகக் கேட்கிற தமிழ்ப் படங்கள் தெரிந்தால் கருத்தில் சொல்லுங்கள், பழசாக இருந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எதுவும் எடுத்துவைக்கவில்லை.