மணிமேகலையைக் காணோம்: பழகிய கதைகள் மாறுவது பற்றிக் கேள்வி பதில்

காரைக்குடியில் எங்கள் வாசகர் வட்டத்தில் தொடர்கதை, துப்பறியும் கதை, தொடர் படங்கள் பற்றிய கேள்வி எது வந்தாலும் என் பக்கம் தள்ளிவிடுவார்கள். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் கேள்வி அல்ல, புகார். கோபம் அதிகம் உள்ளதிலிருந்தே தொடங்குகிறேன்.

தம்பி, ‘பொன்னியின் செல்வன்’ படத்தில் மணிமேகலையே இல்லை. கடைசி அத்தியாயத்தில் அவளுக்காக அழுதவள் நான். அவள் என்ன பாவம் செய்தாள்? (கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி)

ஒரு பாவமும் செய்யவில்லை ஆச்சி. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த ஐந்து பாகக் கதையை 2022, 2023 என்று இரண்டு படங்களுக்குள் அடக்கும்போது யாராவது வெளியே நிற்க வேண்டியிருந்தது, அவள் நின்றாள். ஆனால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மகுடம் சூட்டும் கோலாகலத்தோடு கதையை முடித்திருக்கலாம்; கல்கி அப்படிச் செய்யாமல் ‘மலர் உதிர்ந்தது’ என்று தலைப்பிட்டு, நாயகன் வந்தியத்தேவனை ஒருதலையாகக் காதலித்த மணிமேகலையின் சாவில் முடித்தார். வந்தியத்தேவனின் விளையாட்டுத்தனத்துக்கு யாரோ ஒருத்தி விலை கொடுத்தாள் என்பது அங்கேதான் உறைக்கிறது. அவள் இல்லாத வந்தியத்தேவன் கெட்டிக்காரன், அவ்வளவுதான்.

எனக்கு அதைவிடப் பெரிய குறை சேந்தன் அமுதன். நாவலில் பூமாலை தொடுத்துச் சிவத்தொண்டு செய்யும் அந்தப் பிள்ளைதான் உண்மையான இளவரசன் மதுராந்தகன்; அரண்மனையில் அந்தப் பெயரில் வளர்ந்தவன் வேறு ஆள். தனக்குச் சூட்ட வந்த மகுடத்தை இளவரசர் அருள்மொழி அவன் தலையில் வைக்கிறார். படத்தில் அமுதன் வருகிறான், ஆனால் மகுடம் நாம் முதலிலிருந்து பார்த்த மதுராந்தகனுக்கே போகிறது. நாவலைப் படிக்காதவருக்கு ஆள்மாறாட்டத்தைக் கடைசி அரை மணி நேரத்தில் விளக்க முடியாது என்று இயக்குநர் பக்கம் நின்று வாதாடலாம். வாதாடுவேன்; மனம் ஒப்பவில்லை.

இன்னொன்றும் உண்டு. கதை வந்த ‘கல்கி’ இதழிலிருந்து பிரித்துத் தைத்த பழைய தொகுப்பு உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தையல் விழுந்த இடத்தில் எழுத்துகள் உள்ளே போயிருக்கும். நடுவில் ஒரு வாரம் காணாமல் போயிருக்கும். ஆனால் ஓவியர் மணியம் வரைந்த முகங்கள் அப்படியே இருக்கும். குந்தவைக்கு ஒரு முகம் அன்றைக்கே கிடைத்துவிட்டது. புதிதாக எந்த நடிகை வந்தாலும் நமக்கு இரண்டாவது ஆள்தான்.

கம்பன் வால்மீகியை மாற்றினால் விழா எடுக்கிறோம், சினிமாக்காரர் மாற்றினால் திட்டுகிறோம். இது இரட்டை வேடம் இல்லையா? (நாட்டரசன்கோட்டை, ஓய்வு பெற்ற ஆசிரியர்)

கம்பன் சமாதி இருக்கும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி! ஐயா, 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். அன்று முதல் இந்த வட்டாரம் கொண்டாடி வருவது, ஒரு வகையில், மாற்றி எழுதப்பட்ட கதையைத்தானே.

வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பன் அவளைத் தொடவிடாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துத் தூக்க வைத்தார். வால்மீகியின் தாரை வாலிக்குப் பிறகு சுக்கிரீவனோடு வாழ்கிறாள். கம்பனின் தாரை கைம்மைக் கோலத்தில், மங்கல அணி இல்லாமல் இலக்குவன் முன்னே வந்து நிற்கிறாள். சீறிக்கொண்டு வந்தவனுக்குக் கணவனை இழந்த தன் தாய்மார் நினைவு வர, கண் கலங்கிவிடுகிறது. ஒன்றை எடுத்தார், அந்த இடத்தில் அதைவிடக் கனமான ஒன்றை வைத்தார். மணிமேகலையை எடுத்த இடத்தில் என்ன வைத்தார்கள் என்று நான் தேடுவது இதனால்தான். இதில் இரட்டை வேடம் எங்கே?

இதே காவியத்துக்குத் தொடர்ச்சியும் உண்டு. முடிசூட்டோடு கம்பன் நிறுத்திக்கொண்டார். அதற்குப் பின் வரும் உத்தர காண்டத்தைப் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்பார்கள். அதிலிருந்து ஒரு பாட்டு மனப்பாடமாகச் சொல்லும் ஆளை நம் பக்கத்தில் காட்டுங்கள், பார்ப்போம்.

தமிழ்வாணன் எங்கள் ஊர்க்காரர். அவருடைய துப்பறிவாளர் சங்கர்லாலை இன்று வேறு யாராவது தொடர்ந்து எழுதினால் என்ன? (தேவகோட்டை)

எழுதலாம், ஒட்டாது. ஷெர்லாக் ஹோம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1893இல் கோனன் டாயில் அவரை அருவியில் தள்ளிக் கொன்றார், வாசகர்கள் கொதித்தார்கள். 1901இல், ஹோம்ஸ் சாவதற்கு முன் நடந்த கதை என்று சொல்லி மீண்டும் எழுதத் தொடங்கினார், 1903இல் உயிரோடே கொண்டுவந்துவிட்டார். அவருக்குப் பின் எத்தனையோ பேர் ஹோம்ஸ் கதை எழுதிவிட்டார்கள். கதை சொல்பவர் ஹோம்ஸின் நண்பர் வாட்சன் என்பதால் அது முடிகிறது: வாட்சன் குரல் கைவந்தால் பாதி வேலை முடிந்தது. சங்கர்லாலுக்கு வாட்சன் இல்லை. அங்கே கேட்பது தமிழ்வாணனின் சொந்தக் குரல். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தம் கதைகளில் தாமே நாயகனாக நுழைந்தவர் அவர். அவரைக் கழித்துவிட்டு அந்த உலகத்தை மட்டும் எப்படி எடுப்பது?

ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் ஏன் எப்போதும் சண்டை போடுகிறார்கள்? (காரைக்குடி, கல்லூரி மாணவர்)

காரணம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில், தன்னைப் பிடிக்க வந்து மதுக்கடையில் எதிரே துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் கிரீடோவைக் கடத்தல்காரன் ஹான் சோலோ சுட்டுவிடுகிறான். 1997இல் மீண்டும் வெளியிட்டபோது கிரீடோ முதலில் சுடுவதுபோல் மாற்றினார் படத்தை எடுத்த ஜார்ஜ் லூகாஸ். கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் தன்னலமே பெரிதென்று இருந்த கடத்தல்காரன் பின்னால் திருந்துவதுதானே அவன் கதை? தொடக்கத்திலேயே நல்லவனாக்கிவிட்டால் திருந்த என்ன மிச்சம்? பிறகு 2012இல் டிஸ்னி லூகாஸின் நிறுவனத்தை வாங்கியது. 2014இல், அதுவரை வந்த நாவல்களும் காமிக்ஸும் இனி ‘லெஜண்ட்ஸ்’, புதிய படங்களை அவை கட்டுப்படுத்தாது என்று ஒதுக்கிவிட்டார்கள். பல வருடம் காசு கொடுத்துப் படித்தவனிடம் ‘அதெல்லாம் நடக்கவே இல்லை’ என்றால் கோபம் வராதா?

‘ப்ரியா’ படத்தை எடுத்தவர் நம் ஊர் எஸ்.பி. முத்துராமன் என்பதால் விட்டுவிட்டீர்களா? சுஜாதா நாவல்களின் வழக்கறிஞர் கணேஷ் அதில் பாட்டுப் பாடுகிறாரே! (புதுவயல்)

பாடுகிறார். 1978, ரஜினிகாந்த், இளையராஜா இசை. நாவலில் பார்த்த கணேஷைக் காணோம்தான். பாட்டுக்காக விட்டுவிட்டேன், ஊர்ப்பாசமும் உண்டு, மறுக்கவில்லை.

பேத்திக்குப் பதின்மூன்று வயது. ‘பொன்னியின் செல்வன்’ முதலில் படமா, புத்தகமா? (பள்ளத்தூர்)

புத்தகம். கதை ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது, நீங்களும் ஆடி பதினெட்டுக்குத் தொடங்குங்கள். முதல் பாகம் 57 அத்தியாயம். இரவுக்கு ஒன்று என்று வாசித்துக் காட்டி, பாதியில் நிறுத்திவிடுங்கள், மீதியை அவளே படித்துக்கொள்வாள். படத்தை அப்புறம் போடுங்கள். ‘இது இப்படி இல்லை’ என்று நடுவில் சத்தம் போடுவாள். ரிமோட் உங்கள் கையில் இருக்கட்டும்.