கல்யாணப் பத்திரிகையும் திருட்டு மென்பொருளும்

கே: கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர் எல்லாம் கணினி விற்றவரே ஏற்றிக் கொடுத்தார், தனியாகக் காசு கேட்கவில்லை. விண்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் லினக்ஸும் இலவசம், இதுவும் இலவசம், அப்புறம் என்ன வித்தியாசம் என்கிறான் தம்பி.

ப: காசு கொடுத்தோமா என்பதை விடுங்கள், நகலெடுக்க அனுமதி இருக்கிறதா என்று தம்பியைக் கேளுங்கள். கணினி விற்றவர் ஏற்றியதில் அது இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவைப் படித்தால் வயிற்றைக் கலக்கும்: திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பிழைப்புக்காக இல்லாமல் வைத்திருப்பவருக்கு நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். நீங்களோ அதை வைத்துத்தான் சம்பாதிக்கிறீர்கள்.

லினக்ஸ் அநாதைச் சொத்து என்று நினைக்க வேண்டாம், அதற்கும் பதிப்புரிமை உண்டு. எழுதியவர்கள் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே, நகலெடு, பிரித்துப் பார், மாற்று, வேண்டுமானால் விற்கவும் செய், ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மூல நிரலும் (மென்பொருளை எழுதிய வரிகள்) இதே உரிமைகளும் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறார்கள். 1989-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிபிஎல் உரிமத்தின் சாரம் அவ்வளவுதான். நீங்களே லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி 200 ரூபாய்க்கு விற்றாலும் தப்பில்லை.

சரி, கடை ஓட வேண்டுமே. வடிவமைப்புக்கு இங்க்ஸ்கேப், படத்துக்கு கிம்ப், பக்கம் கட்டி அச்சகத்துக்கு பிடிஎஃப் அனுப்ப ஸ்கிரைபஸ். தலைவலி மென்பொருளில் இல்லை, பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி வைத்திருக்கும் கோப்புகளில். இப்போதைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்து, பக்கத்தைத் திரும்பக் கட்ட வேண்டும். அதனால் தை, ஆவணி முகூர்த்த நெருக்கடியில் இதில் இறங்காதீர்கள். ஆடியில் மாறுங்கள், பத்திரிகை அடிக்க எப்படியும் ஆள் வராது.

கே: பாரதிதாசன் கவிதையை என் மகள் திருமணப் பத்திரிகையில் போட யாரிடம் அனுமதி வாங்குவது? (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

ப: யாரிடமும் வேண்டாம். உங்கள் ஊர்க்காரர் மறைந்தது 1964-இல். எழுதியவர் மறைந்த பின் பதிப்புரிமை 60 ஆண்டு நீடிக்கும்; அடுத்த ஆண்டிலிருந்து எண்ணும் அந்தக் கணக்கு 2024-ஓடு முடிந்துவிட்டது. தமிழக அரசு அதற்கு முன்பே அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியதும் உண்டு. கவிதைக்கு வேறொருவர் எழுதிய உரை, புத்தக அட்டைக்காக ஒருவர் வரைந்த ஓவியம் இதெல்லாம் வேறு கணக்கு. அவற்றை ஸ்கேன் செய்து போடாதீர்கள்.