போலியோவுக்குப் போட்ட 10 சென்ட்: போர்க்கால தொழிலாளிங்க பத்தி கேள்வி பதில்

ரெண்டாம் உலகப்போர் நேரத்துல அமெரிக்காவுல ஃபேக்டரி, கப்பல் யார்டுன்னு வேலை பாத்த ஜனங்க இளம்பிள்ளை வாதத்துக்கு, அதான் போலியோவுக்கு, காசு போட்ட கதைய ரொம்ப வருஷமா தேடித்தேடி படிச்சுட்டு வரேன். உங்க கேள்விகளுக்கு பதில் இதோ.

கே: போர் நடக்குறப்ப இதுக்கு எதுக்கு அக்கா காசு?

ப: சண்டை முடியட்டும்னு வியாதி காத்திருக்குமா தம்பி? 1944ல மட்டும் அங்க ஏறக்குறைய 19,000 பேருக்கு போலியோ. நார்த் கரோலினாவுல ஹிக்கரின்னு ஒரு ஊரு, பிள்ளைங்க கேம்ப் ஒண்ண 54 மணி நேரத்துல ஆஸ்பத்திரியா மாத்துனாங்க, டாக்டரும் நர்ஸும் ராணுவத்துக்குப் போயிட்ட நேரம் வேற, ஆனாலும் 400 பேருக்கு மேல அங்க வைத்தியம் பாத்தாங்க. நினைச்சாலே எனக்குத் தொண்டை அடைக்குது.

கே: இந்த போலியோ வசூலுக்கு மார்ச் ஆஃப் டைம்ஸ்னு பேராமே, அதுல டைம்னா நேரமா?

ப: இல்லம்மா, அவங்க 10 சென்ட் நாணயம். அப்போ அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ரூஸ்வெல்ட்டுக்கே 39 வயசுல போலியோ வந்து கால் செயலிழந்துருச்சு. 1938ல அவர் போலியோ அறக்கட்டளை ஆரம்பிச்சப்ப எடி கான்டர்ங்கற காமெடி நடிகர் ஆளுக்கொரு டைம் வெள்ளை மாளிகைக்கு அனுப்பச் சொன்னார், 26,80,000 டைம் தபால்லயே வந்துருச்சு!

கே: தொழிலாளிங்க சம்பளத்துலயே பிடிச்சுக்கிட்டாங்களா?

ப: ரெண்டையும் குழப்பிக்காதீங்க. சம்பளத்துல பிடிச்சது வார் பாண்டுக்கு, அதான் போர்ச் செலவுக்கு அரசாங்கம் வித்த கடன் பத்திரத்துக்கு. 18.75 டாலர் கட்டுனா 10 வருஷத்துல 25 டாலரா திரும்பி வரும், அது கடன். டைம் திரும்பி வராத காசு. ஜனவரி வந்தா நாணயம் சொருகுற அட்டை, உண்டியல், சினிமா தியேட்டர்ல லைட்டப் போட்டு வசூல்னு நடக்கும். பகல்ல வெல்டிங் பண்ணிட்டு வர்ற அம்மாவுக்கு கோடை வந்தா போலியோ ஒட்டிக்குமோன்னு பிள்ளையக் குளத்துக்கு அனுப்பவே பயம், அவ போட்ட டைம் தர்மம் மட்டும்னு என்னால சொல்ல முடியல, அது அவ வீட்டுக் கவலையும்தான்.

கே: காசு ஒழுங்கா போய்ச் சேந்துச்சா?

ப: பாதி அந்தந்த ஊர் கிளைக்கே. இரும்பு நுரையீரல்னு சொல்ற, மூச்சு விட உதவுற மெஷின், ஆஸ்பத்திரி பில் எல்லாம் அதுலதான். மீதி ஆராய்ச்சி, பயிற்சி மாதிரி தலைமைச் செலவுக்கு. ஒண்ணு மட்டும் மனசு ஆறல: ரூஸ்வெல்ட் ஆரம்பிச்ச வார்ம் ஸ்பிரிங்ஸ் போலியோ சிகிச்சை மையத்துல கறுப்பினப் பிள்ளைங்களச் சேக்கல. 1941ல அலபாமாவுல இருக்குற டஸ்கீகியில அவங்களுக்குன்னு தனியா ஒரு சென்டர் இதே அறக்கட்டளை காசுல தொறந்தாங்க, ஆனா அது ஒண்ணு எத்தனை பேருக்குப் பத்தும்?

கே: நம்ம சொட்டு மருந்துக்கும் இதுக்கும் தொடர்பு உண்டா?

ப: உண்டு. 1955 ஏப்ரல் 12, ரூஸ்வெல்ட் இறந்து சரியா 10 வருஷம், அன்னிக்குதான் ஜோனஸ் சால்க்ங்கற விஞ்ஞானி கண்டுபிடிச்ச போலியோ தடுப்பூசி வேலை செய்யுதுன்னு அறிவிச்சாங்க. நம்ம சொட்டு மருந்த உருவாக்குன ஆல்பர்ட் சாபினோட ஆராய்ச்சிக்கும் இந்த நிதிலருந்து காசு போச்சு. நம்ம நாட்டுல இயற்கையான போலியோ வைரஸால வந்த கடைசி கேஸ் 2011 ஜனவரி, ஹவுரா பக்கம் ஒரு சின்னப் பொண்ணு.

கே: டைம்ல ரூஸ்வெல்ட் முகம் இருக்கே, இதுக்காகவா?

ப: ஆமா. 1946 ஜனவரி 30, அவரோட பிறந்தநாள் அன்னிக்கே வெளியிட்டாங்க.