வேலைக்குச் சேர்ந்த பிறகும் எக்ஸ்ரே, சிடி டெக்னீஷியன்கள் கருத்தரங்கு, வகுப்பு என்று போக வேண்டுமா? சம்பளம் கூடுமா?

சம்பளம் கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ முடித்துத் தனியார் மருத்துவமனையில் இருப்பீர்கள், ஞாயிற்றுக்கிழமையும் போய்க் கைக்காசும் போக வேண்டுமா என்று யோசிப்பீர்கள். போங்கள்.

நான் படித்தது பிலிம் காலத்தில். டோஸ், அதாவது கதிரின் அளவு, கூடினால் படம் கறுத்துப் போகும், டாக்டர் திட்டுவார். டிஜிட்டலில் அந்தத் திட்டு இல்லை. இரண்டு மடங்கு கொடுத்தாலும் கணினி சரிசெய்து அழகான படத்தைத்தான் காட்டும். குறைத்துக் கொடுத்தால்தான் புள்ளி புள்ளியாக வந்து மாட்டிக்கொள்வோம். எதற்கு வம்பு என்று எல்லோரும் எம்ஏஎஸ்ஸை, அதாவது மெஷினில் கதிரின் அளவுக்கு வைக்கும் எண்ணை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவார்கள்.

எங்கள் டிஆர் (டிஜிட்டல் எக்ஸ்ரே) மெஷினை நிறுவ வந்த கம்பெனி ஆள் பட்டன்களைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். படத்தின் ஓரத்தில் வரும் டிஐ என்ற எண் எதற்கு என்று தெரிந்ததே ஒரு கருத்தரங்கில்தான். ஜீரோ என்றால் கதிர் குறித்துவைத்த அளவில் விழுந்திருக்கிறது. பிளஸ் 3 என்றால் அதில் இரண்டு மடங்கு, மைனஸ் 3 என்றால் பாதி. திரும்பி வந்து பழைய நெஞ்சுப் படங்களைத் திறந்து பார்த்தேன். பெரும்பாலும் பிளஸ் 3, பிளஸ் 4. சீனியர் அண்ணனிடம் காட்டினேன். "படம் நல்லா வருது, ரிப்போர்ட் போகுது, உனக்கென்ன?" என்றார். மறுபடி காட்ட வந்த ஒரு நோயாளிக்கு அளவைக் குறைத்து எடுத்து, அவருடைய பழைய படத்தோடு சேர்த்து, எண்ணை மறைத்து டாக்டரிடம் நீட்டினேன். அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. எந்தப் படத்துக்கு எவ்வளவு கதிர் என்ற சார்ட்டை மாற்றச் சொல்லிவிட்டார். அண்ணன் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.

"அனுபவம் போதாதா" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். அனுபவத்தை நான் மட்டம் தட்டவில்லை. விபத்தில் அடிபட்டு வந்தவரை வலிக்காமல் திருப்பிப் படுக்கவைக்க எந்த வகுப்பும் கற்றுத்தராது. ஆனால் இடுப்பு எக்ஸ்ரேக்கு இனப்பெருக்க உறுப்பின்மேல் ஈயத்தகடு வைக்க வேண்டும் என்றுதானே நாம் படித்தோம்? வழக்கமாக அப்படி வைக்க வேண்டாம் என்று 2019-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் சொல்லிவிட்டது. தகடு நகர்ந்து எலும்பை மறைத்தால் திரும்ப எடுக்க வேண்டும். போதுமான கதிர் வந்ததும் நிறுத்தும் ஏஇசி சென்சார்மேல் விழுந்தால் மெஷினே டோஸைக் கூட்டிவிடும். உடம்புக்குள் சிதறும் கதிரை மேலே கிடக்கும் தகடு தடுப்பதும் இல்லை. இருபது வருடம் தகடு வைத்த அனுபவம் இதைச் சொல்லாது.

அமெரிக்காவில் டெக்னீஷியன்களைப் பதிவு செய்யும் ஏஆர்ஆர்டி அமைப்பில் பதிவைத் தக்கவைக்க, இப்படிப் படித்துச் சேர்த்த 24 கிரெடிட்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். இங்கேயும் நம்மைப் போன்ற துணை மருத்துவத் துறைகளுக்கு என்று 2021-இல் சட்டம் வந்தது. ஆனால் நான் வேலை பார்க்கும் இடத்தில் கருத்தரங்குக்குப் போனால் இன்றும் சொந்த லீவில்தான் கழிக்கிறார்கள்.

அப்புறம், கேட்காத ஒன்று. ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் எக்ஸ்ரே முடிந்ததும் ஈய ஏப்ரனை மடித்து ஸ்டூல்மேல் வீசிவிட்டுப் போகும் டாக்டர்களே, மடித்தால் உள்ளே விரிசல் விடும். அதைப் போட்டுக்கொண்டு மறுநாள் நிற்கப்போவதும் நீங்கள்தான். ஹேங்கர் வாங்கித் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்தால், பட்ஜெட் இல்லையாம். வரவேற்பறைக்கு மீன்தொட்டி மட்டும் வந்துவிட்டது.

சரி, நீங்கள் டோஸ் பற்றிய வகுப்பாகப் பார்த்துப் போங்கள். மெஷின் விற்கக் கம்பெனிக்காரர்கள் நடத்துவதில் சாப்பாடு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.